லாலியின் முற்றுகையும் வேப்பேரி அச்சுக்கூடமும்: ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

தமிழ்த் திருமறையின் வரலாற்றைச் சபைகளில் எடுத்துரைக்கும்போது நாம் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டை விழும் தறுவாயில் இருந்தது. அவ்வேளையில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தோன்றின. பகைவர் இரவோடிரவாகப் பின்வாங்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் புதுச்சேரியும் வீழ்ந்தது. அங்கே கிடைத்த அச்சுப்பொறி சென்னைக்கு வந்து, வேப்பேரியிலிருந்த ஃபப்ரிசியுஸ் ஐயரின் கையில் சேர்ந்தது. அங்கு உருவான அச்சுக்கூடத்திலிருந்து தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. எனவே, பார்வோனின் சேனையைச் செங்கடலில் அமிழ்த்திய கர்த்தரே லாலியின் சேனையையும் சிதறடித்தார் என்று முடிப்போம். இவ்வாறு பிரசங்க பீடத்திலிருந்து நாமும் பலமுறை முடித்திருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்நிகழ்ச்சியின் தனித்தனிக் கூறுகள் உண்மையே. ஆயினும், அவற்றைக் கோத்திருக்கும் நூல் உண்மையானதா என்பது ஆராய்தற்குரியது. ஒரு படையெடுப்பின் தோல்வியைக் கடவுளின் கையொப்பமாகக் காட்டும்போது நாம் வரலாற்றுக்கு மட்டுமன்று, இறையியலுக்கும் பிழை செய்கிறோமோ என்னும் ஐயம் நமக்கு எழுந்ததுண்டு. அவ்வையத்தின் விளைவே இக்கட்டுரை.

முற்றுகையின் போக்கு

ஏழாண்டுப் போரின் (1756–1763) ஒரு பகுதியாகவே லாலியின் படையெடுப்பு நிகழ்ந்தது. பிரான்சில் குடியேறிய அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1758 ஏப்ரல் 28ஆம் நாள் புதுச்சேரியில் வந்திறங்கினார். உடனே கடலூரைக் கைப்பற்றினார். ஜூன் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை அவரிடம் சரணடைந்தது. அக்கோட்டையை இடித்துத் தள்ளினார். அடுத்த இலக்கு சென்னை. ஆனால் படையை நடத்தப் பணமில்லை. பழைய கடன்பத்திரம் ஒன்றைக் காட்டி ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாய் கேட்டுத் தஞ்சாவூர் மீது சென்றார். பணமும் கிட்டவில்லை, தஞ்சையும் விழவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வெறுங்கையோடு திரும்பினார். செப்டம்பர் தொடக்கத்தில் தாஷே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது.

இந்நிலையில் டிசம்பர் மாதத்தில் லாலி சென்னையை அடைந்தார். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதி, முந்திய போர்க்காலத்திலேயே இடிக்கப்பட்டுப் பெரும்பாலும் வெளியாகியிருந்தது. அதற்கு வடக்கே முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரமாக வளர்ந்திருந்தன. இதுவே பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப்பட்டது. அதைக் காக்க அந்நாளில் மதில் இல்லை. டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுப் படை அதனுள் நுழைந்தது. வீரர்கள் வீடுகளைக் கொள்ளையிட்டனர். கிடைத்த சாராயத்தைக் குடித்து மயங்கினர். அன்றே கோட்டையிலிருந்து கர்னல் டிரேப்பர் ஒரு படையுடன் வெளிப்பட்டுத் தாக்கினார். தெருக்களில் நடந்த அச்சண்டையில் இரு தரப்பிலும் பலர் மாண்டனர். பிரெஞ்சுத் தரப்பின் தெஸ்தேன் பிரபு சிறைப்பட்டார். எனினும் டிரேப்பர் கோட்டைக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கறுப்பர் நகரம் இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

கோட்டைக்குள் ஆளுநர் ஜார்ஜ் பிகட்டும் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்சும் இருந்தனர். ஐரோப்பியர் ஏறத்தாழ 1,750 பேரும் சிப்பாய்கள் ஏறத்தாழ 2,200 பேரும் அவர்களிடம் இருந்தனர். ஜனவரி தொடக்கத்தில் பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பிப்ரவரியில் மதிலில் பிளவு உண்டாயிற்று. ஆனால் அப்பிளவின் வழியே ஏறித் தாக்குவது வெற்றி தராது என்று லாலியின் அதிகாரிகள் கருத்துரைத்தனர். பிப்ரவரி 16 மாலையில் ஆறு ஆங்கிலக் கப்பல்கள் துணைப்படையுடன் வந்தன. அன்றிரவே லாலி முற்றுகையைக் கைவிட்டார். பெரிய பீரங்கிகளை விட்டுச் சென்றார். நடக்க இயலாத நோயாளிகளையும் காயமுற்றோரையும் விட்டு, அவர்களைப் பேணுமாறு பிகட்டுக்குக் கடிதமும் எழுதி வைத்தார்.

துரோகி என்னும் புனைவு

இத்தோல்விக்குப் பிரான்சு கண்ட விளக்கம் எளியது: லாலி துரோகி. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் இழந்த அவர் இங்கிலாந்துக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டார். தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்கு விடை கூறுவதற்கென்று தாமாகவே பிரான்சுக்குத் திரும்பினார். அவரைப் பாஸ்தீல் சிறையில் அடைத்தனர். 1766 மே 9ஆம் நாள், வாயில் அடைப்பு வைத்து, பேச இடமளிக்காமலே தலையை வெட்டினர். அவருடைய நியாயத்துக்காகப் பின்னர் வால்த்தேர் எழுதினார்; மகனும் போராடினார். 1778ஆம் ஆண்டில் அரசவை அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மரணப் படுக்கையிலிருந்த வால்த்தேர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்.

லாலி கடுஞ்சொல்லர், முன்கோபி, பிறர் ஆலோசனையை மதியாதவர். புதுச்சேரி ஆலோசனைச் சபையார் அவரை வெறுத்தனர். அவரும் அவர்களைக் கள்வர் என்றே கருதினார். இவையெல்லாம் குறைகளே. ஆயினும் துரோகம் வேறு, தோல்வி வேறு. கப்பலில்லை, பணமில்லை, ஒற்றுமையில்லை. இம்மூன்றுக்கும் பொறுப்பான பலர் ஒருவர்மீது பழியைச் சுமத்தித் தாங்கள் தப்பினர். ஒருவரைப் பாளையத்துக்குப் புறம்பே துரத்திவிட்டுத் தம்மைத் தூய்மையுள்ளவர்களாக எண்ணிக்கொள்வது மனிதர்தம் பழைய வழக்கம். லேவியராகமத்தின் போக்காட்டைப் பற்றி வகுப்பறையில் கற்கிறவர்களுக்கு இது புதிதன்று.

வெல்லவொண்ணா வீரம் என்னும் புனைவு

ஆங்கிலேயர் வேறொரு விளக்கம் கண்டனர். பிகட்டின் உறுதியும் லாரன்சின் அனுபவமும் டிரேப்பரின் துணிவுமே கோட்டையைக் காத்தன என்பது அவர்கள் மரபு. அவர்கள் உறுதியாக நின்றது மெய்யே. ஆனால் மதிலுக்கு வெளியே நடந்ததைக் காணாமல் மதிலுக்குள் நடந்ததை விளக்க முடியாது.

முதலாவது, செங்கல்பட்டுக் கோட்டையை லாலி விட்டுவைத்தார். அதிலிருந்தவர்களும் முகமது யூசுப் கான் நடத்திய சிப்பாய்களும் பிரெஞ்சுப் பாளையத்துக்குச் செல்லும் உணவு வழிகளை இடைவிடாமல் அலைக்கழித்தனர். பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் நடந்த போர் இவர்களை விரட்டுவதற்காகவே. தமிழ் மக்கள் மருதநாயகம் என்று நினைவுகூரும் அதே யூசுப் கானைத்தான், 1764 அக்டோபர் 15இல் கம்பெனியும் நவாபும் மதுரையில் தூக்கிலிட்டனர். முற்றுகையை முறியடித்தவர்களுள் ஒருவருக்கு ஐந்தாண்டுகளில் கிட்டிய கைம்மாறு இது.

இரண்டாவது, கடல். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளும் பொருளும் மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலுமே அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். ஜனவரி 30ஆம் நாள், முற்றுகையின் நடுவே, ஷாப்ட்ஸ்பரி என்னும் கம்பெனிக் கப்பல் வெள்ளியும் போர்த்தளவாடமும் கொண்டுவந்தது. அக்கரையில் எந்தச் சரக்கும் இறங்கியது படகோட்டிகளின் தோள்வலிமையால் அன்றோ? இராயப்பரின் பெயரை நினைவூட்டும் இராயபுரத்திலும் அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களிலும் அம்மரபினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களில் ஒருவருடைய பெயராவது முற்றுகையின் வீரர் பட்டியலில் இல்லை.

மூன்றாவது, மக்களை லாலி நடத்திய முறை. சுமை தூக்க ஆளும் வண்டி இழுக்க மாடும் இன்றித் தவித்த அவர், சாதி, வயது, விருப்பம் எதுவும் பாராமல் மக்களைப் பிடித்துச் சுமக்க வைத்தார். ஊர்கள் வெறுமையாயின, மாடுகளை ஓட்டிக்கொண்டு மக்கள் ஒளிந்தனர். தஞ்சைக்குச் செல்லும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் உண்டென்று எண்ணித் தோண்டிப் பார்த்தார். ஒற்றர் என்று ஐயுற்று அந்தணர் அறுவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இச்செய்தி பரவிய நாட்டில் அவருடைய படைக்கு யார் மனமுவந்து நெல் விற்பார்? புதுச்சேரியின் தமிழ்க் குடிகள் பட்ட அல்லல்களை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் போதும். 1761 ஜனவரி 12இல், நகர் வீழ்வதற்கு நான்கு நாள் முன்பு, அவர் காலமானார்.

லாலியின் படையெடுப்பு சென்னை மதிலின் கீழ் தோற்கவில்லை என்பது எமது துணிபு. அது முன்னரே, காவிரிக் கரையின் ஊர்களில் தோற்றுவிட்டது. சுமப்பவனை மனிதனாகக் கருதாத படை, சுமையைக் கொண்டுசேர்க்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க இயலாமற் போயிற்று.

தெய்வத் தலையீடு என்னும் புனைவு

இனி நம்முடைய புனைவுக்கு வருவோம். முன்னிரண்டையும் பிறர் செய்தனர். இதைச் செய்தவர்கள் நாம்.

ஃபப்ரிசியுஸ் ஐயர் 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தவர். 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். மிஷன் தன் இடங்களை இழந்தது. ஐயர் தம் மக்களுடன் டச்சுக்காரரின் பழவேற்காட்டுக்குச் சென்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் லாலி வந்தபோது வேப்பேரி மிஷன் வளாகம் சூறையாடப்பட்டது. மீண்டும் பழவேற்காடே புகலிடமாயிற்று. இன்றைய திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடந்து வடக்கே கிடக்கும் அவ்வூருக்கு இருமுறை அகதிகளாகச் சென்ற அந்தத் தமிழ்ச் சபையாரை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு வினாவை எழுப்புவோம். 1759இல் ஆங்கிலேயர் வென்றது கர்த்தரின் செயலென்றால், 1746இல் அவர்கள் தோற்றது யாருடைய செயல்? வென்றபோது கர்த்தர் என்றும், தோற்றபோது காற்று என்றும் சொல்வது பக்தியாகாது, வசதியாகும்.

இன்னொன்றும் நம் கவனத்துக்குரியது. 1749இல் உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தபோது, ரோமன் கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனார்கள் என்னும் ஐயம் மேலோங்கியது. கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் குருமாரின் ஆலயம் இடிக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கானின் பெயரோடு இணைந்த வேப்பேரி ஆலயம் 1752இல் நம் மிஷனெரிமார் கையில் ஒப்புவிக்கப்பட்டது. ஆக, வேப்பேரியில் நாம் வேரூன்றிய நிலமே போரின் ஐயத்தால் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டது. இதைத் தெய்வத் தலையீடு என்று நாம் சொல்வோமானால், அவ்வாலயத்தை இழந்து நின்ற சகோதரர் அதை எவ்வாறு அழைப்பார்கள்?

முற்றுகையின்போது கறுப்பர் நகரத்தை ஒட்டியிருந்த ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் பிரெஞ்சுக்காரருக்கு மறைவிடமாயிற்று. பெரிய கல்லறைகளின் பின்னே நின்று அவர்கள் கோட்டையைத் தாக்கினர். இது மீண்டும் நேரிடலாகாதென்று ஆங்கிலேயர் பின்னர் அக்கல்லறைகளை இடித்தனர். கல்வெட்டுப் பலகைகளைக் கொண்டுவந்து கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் பாவினர். அங்கே செல்லும் மாணவர்கள் காலடியில் கிடக்கும் எழுத்துகளைக் குனிந்து வாசிக்கட்டும். இறந்தோரைக்கூட அரணாக்கியது ஒரு படை. இறந்தோரின் இடத்தையே அழித்தது மற்றொரு படை. இரண்டும் கிறிஸ்துவின் பெயரைத் தரித்த படைகளே.

1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். இயேசு சபையாரின் ஆலயமும் தப்பவில்லை. புனித டேவிட் கோட்டைக்கு லாலி செய்ததற்குப் பழிவாங்கல் இது. கீழ்வேளூரைச் சொல்லி லாலியைக் கடிந்துகொள்ளும் நாம், புதுச்சேரியைச் சொல்லி எவரையும் கடிந்துகொண்டதில்லை.

எரிகோவின் அருகே, உருவிய பட்டயத்தோடு நின்றவரைக் கண்டு யோசுவா கேட்ட கேள்வியை நினைவுகூர்வோம். நீர் எங்கள் பக்கமா, எதிரியின் பக்கமா என்பதே அவர் கேட்டது. வந்தவர் எந்தப் பக்கத்தையும் ஏற்கவில்லை; தாம் யாரென்பதை அறிவித்தார்; யோசுவா முகங்குப்புற விழுந்தார். ஏலியின் நாளிலோ இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்றனர். பெட்டியும் போயிற்று, போரும் போயிற்று. கடவுளைத் தம் பாளையத்தில் கட்டிவைக்க முயல்வோர் அடையும் முடிவு அது.

அச்சுக்கூடத்தை என் செய்வது?

அப்படியானால் வேப்பேரி அச்சுக்கூடத்தில் கடவுளின் கையே இல்லையா என்று மாணவர் கேட்கலாம். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை.

நடந்தது இது. புதுச்சேரியின் கொள்ளைப் பொருள்களோடு அச்சுப்பொறியும் எழுத்துகளும் சென்னைக்கு வந்தன. அதை இயக்க அறிந்தவர் கம்பெனியில் இல்லை. அரசாங்கத்துக்கு வேண்டியபோது அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அது ஃபப்ரிசியுஸ் ஐயரிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தார் மேலும் உதவினர். 1772இல் ஐயரின் புதிய ஏற்பாடும் 1779இல் தமிழ் ஆங்கில அகராதியும் அங்கே அச்சாயின. அவர் மொழிபெயர்த்த பழைய ஏற்பாடு 1791இல் அவர் காலமான பின்னரே முழுமையாக வெளிவந்தது. முதல் நிபந்தனையைக் கூர்ந்து நோக்குக: வேத புத்தகம் அச்சிட்ட பொறியே அரசாங்க அறிக்கைகளையும் அச்சிட வேண்டியிருந்தது. தொடக்கத்திலிருந்தே அந்தப் பொறிக்கு இரண்டு எஜமான்கள்.

மனிதர் தீமையாக எண்ணியதைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்று யோசேப்பு தம் சகோதரரிடம் கூறினார். ஆனால் விற்கப்பட்டவர் அதைச் சொன்னார், விற்றவர்கள் சொல்லவில்லை. இவ்வேறுபாடு பெரிது. கொள்ளைப் பொருளைப் பெற்றுக்கொண்ட நாம், கொள்ளை தெய்வச் செயலென்று பறைசாற்றுவது, யோசேப்பின் சகோதரர் வெள்ளிக்காசை எண்ணிக்கொண்டே துதி பாடுவதை ஒக்கும்.

பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்கிய தாவீதுக்கு மூன்று வீரர் உயிரைப் பொருட்படுத்தாமல் அதைக் கொண்டுவந்தனர். அவர் குடிக்க மனமின்றி, அது அவர்களுடைய இரத்தமல்லவா என்று கருதிக் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார். தமிழ் வேதத்தை நாம் ஊற்றிவிட முடியாது, ஊற்றவும் வேண்டா. ஆனால் அதன் விலையை அறிந்து பருக வேண்டும். கறுப்பர் நகரத்தில் வீடிழந்தவர்கள், சுமை தூக்கி விழுந்தவர்கள், பழவேற்காட்டு வழியில் நடந்தவர்கள், இடிந்த புதுச்சேரியில் நின்றவர்கள், இவர்களெல்லாம் அவ்விலையின் பகுதி. கடவுளின் கை எங்கே இருந்தது என்று தேடுவோமானால், வென்ற பீரங்கியின் பின்னால் தேடாமல், சூறையாடப்பட்ட வீட்டுக்குத் திரும்பிவந்து கையெழுத்துப் படியைத் திருத்த மீண்டும் அமர்ந்த ஐயரின் பொறுமையில் தேடுவோம். அவரோடு அகதியாகச் சென்று, அவரோடு திரும்பிய சபையின் விசுவாசத்தில் தேடுவோம்.

முடிவுரை

மாணவர்களுக்கு மூன்று கருத்துகளை விட்டுச் செல்கிறோம். வெற்றியைக் கொண்டு தேவசித்தத்தை அளவிடாதீர்கள். சிலுவையைப் பிரசங்கிக்கிறவர்களுக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. ஒரு நிகழ்ச்சியை உவமையாகச் சொல்லுமுன், அதில் பேசாமல் நிற்பவர் யார் என்று கேளுங்கள். நம் சபையின் நன்மைக்காகச் சொல்லப்படும் கதையை மற்றக் கதைகளைவிடக் கடுமையாகச் சோதியுங்கள்; பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கற்பனை கடவுளின் சார்பாகச் சொல்லும் பொய்ச்சாட்சிக்கும் பொருந்தும்.

வடசென்னையின் ஆலயங்களில் நம் முன்னே அமர்வோர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குவோர், தொழிற்சாலைகளில் உழைப்போர், கடலுக்குச் சென்று வருவோர். லாலியின் முற்றுகையைப் பற்றி அவர்களிடம் இனிப் பேசும்போது, கப்பல்கள் தோன்றிய மாலையோடு கதையை முடித்துவிட வேண்டா. அக்கப்பல்களிலிருந்து சரக்கை யார் இறக்கினார்கள் என்பதிலிருந்து கதையைத் தொடங்குவோமாக.